கோணல் பலகை

"இங்க வாங்க. இந்தப் பலகையைப் பாருங்க, கோணலா இருக்கா?"

மாமனார் குனிந்து விரலால் சுட்டிக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

மருமகளுக்குக் காது சூடாகிவிட்டது. மேற்கொண்டு கேட்கப் பிடிக்காமல் விருட்டென்று உள்ளே போனாள். முதலில் தபால்காரர், அப்புறம் சிலிண்டர் கொண்டு வந்தவர், இப்போது இவர். வாசல் முகப்புக்கு மரத்தளம் போட்டதிலிருந்து தினமும் இதே கூத்துதான்.

கடைக்காரர் பளபளப்பான பலகையைத் தலையில் கட்டப் பார்த்தபோது, "ஒரு மழைக்கே உப்பிடும்" என்று ஒதுக்கிவிட்டுத் தேக்கைத் தேர்ந்தெடுத்தவள் அவள். அறுத்தது, திருகு முடுக்கியது, எண்ணெய் பூசியது எல்லாம் அவள் கைதான். தண்ணீர் வடிய இடைவெளி வேண்டுமே என்று பலகைக்குப் பலகை ஒரு நாணயத்தைச் செருகி அளவு வைத்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் நாணயம் நழுவி அடியில் விழுந்துவிட்டது. அவசரத்தில் அந்த ஒரு பலகையை மட்டும் கண்ணளவில் வைத்தாள். கண் ஏமாற்றிவிட்டது.

"காசு உள்ளே விழுந்தா நான் என்ன பண்றது?" என்று கணவனிடம் பொருமினாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"சிரிங்க, நல்லா சிரிங்க. உங்கப்பா வர்றவன் போறவன்கிட்டெல்லாம் என் மானத்தை வாங்குறார். நேரா இருக்கிற பலகை ஒண்ணுகூடவா அவர் கண்ணுல படலை?"

மறுநாள் மாமனார் காலாற நடக்கக் கிளம்பியதும் திருப்புளியை எடுத்துத் திருகுகளைக் கழற்றினாள். வேறொரு நாணயத்தை வைத்துப் பலகையை நிமிர்த்தி முடுக்கினாள். இப்போது தளம் முழுக்க நூல் பிடித்த மாதிரி நின்றது. இடுப்பில் கைவைத்துப் பார்த்தவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாமனார் திரும்பும்போது பழைய நண்பர் ஒருவரையும் கையோடு இழுத்து வந்தார்.

"வாய்யா, நீயே வந்து பாரு!"

மாமனார் குனிந்து தேடினார். மண்டி போட்டுத் தடவிக்கூடப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க ஒரு கோணல் இருந்துச்சே?"

"சரி பண்ணிட்டேன் மாமா." அவள் தலையை நிமிர்த்திச் சொன்னாள். "இனிமே நீங்க யாருக்கும் காட்ட ஒண்ணும் இல்லை."

நண்பர் தளத்தைத் தட்டிப் பார்த்தார். "சும்மா சொல்லாதய்யா. இது கைதேர்ந்த தச்சர் வேலை!"

மாமனார் தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கெடுத்தியேம்மா காரியத்தை! என் மருமக தன் கையால போட்டதுன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். அந்தக் கோணலைக் காட்டித்தானே ஒவ்வொருத்தனையா நம்ப வெச்சுட்டிருந்தேன்! இப்ப இவன்கிட்ட எதைக் காட்டுவேன்? எடு அந்தத் திருப்புளியை, பழையபடி கோணலாக்கு!"