பேனாவால் வரைந்த கடிகாரம்

இந்தக் கையை விட்டால் அந்தக் கணமே இவர் வெறும் பாரமாகிவிடுவார் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். நொறுங்கிய லாரியின் ஜன்னல் வழியே வெளியே நீண்டிருந்த டிரைவரின் மணிக்கட்டில், ஆம்புலன்ஸ் நர்ஸான அவளுடைய விரல்கள் இருந்தன. நாடி அடங்கி வெகுநேரமாகிவிட்டது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

உயிர் இருந்தால் தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருந்து, தகரத்தை வெட்டி அவரை முழுதாக எடுப்பார்கள். இல்லையென்றால் கிரேன் லாரியை அப்படியே இழுத்துவிடும். அவருடைய கால்கள் இரண்டும் உள்ளே மாட்டியிருந்தன.

"கொக்கி மாட்டியாச்சு சார். இழுக்கவா, வேணாமா?" என்று கிரேன்காரர் கத்தினார்.

"என்னைக் கேட்டா? நான் என்ன டாக்டரா?" என்ற இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, இருக்கானா இல்லையா? டோல்கேட் வரைக்கும் வண்டி நிக்குது. பச்சப்புள்ளைங்கள்லாம் வெயில்ல கெடந்து கத்துதுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுக் கையை எடும்மா."

அவர் கேட்பதும் நியாயம்தான். அவள் குனிந்து பார்த்தாள். டிரைவரின் மணிக்கட்டின் மேல் ஏதோ ஒரு குழந்தை நீலப் பேனாவால் கடிகாரம் வரைந்திருந்தது. முட்கள் இரண்டும் ஒரே நீளம். வியர்வையில் ஓரம் மட்டும் கலைந்திருந்தது.

அதன்மேல் படாமல் விரல்களைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள். கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்:

"கொஞ்சம் இருங்க சார். எண்ணிக்கிட்டிருக்கேன்."