இரண்டு புள்ளிகள்

படுக்கையறையில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். கடையில் உட்கார்ந்தபடியே அவள் அதைப் போனில் பார்த்துவிட்டாள். ஜன்னல் திரைக்கு அடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வாய்ப்பே இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில். கணவன் லிஃப்ட் மெக்கானிக், எட்டு மணிக்கே ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியாயிற்று. பதினோரு மணிக்கு அந்த வீட்டில் நடமாடுவது ஆமை ஒன்றுதான்.

ஆமை என்பது தானாகவே தரையைக் கூட்டும் வட்ட இயந்திரம். பெயர் வைத்தது மகள். எங்கே கூட்டியது, எதில் முட்டிக்கொண்டது என்று வீட்டின் படத்தைப் போட்டுப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் போனுக்கும் அனுப்பிவிடும். நாற்காலி என்றால் நாலு புள்ளி. காலோ செருப்போ என்றால் இரண்டு.

காலையில் அறையை ஒழித்துவிட்டு வந்தவள் அவளேதான். திரைப் பக்கம் ஒரு துரும்புகூடக் கிடையாது. உடனே கணவனைக் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"லிஃப்டுக்குள்ள." குரல் கிசுகிசுத்தது. "நீ எங்க இருக்கே?"

"கடையிலதான். வேற எங்க இருப்பேன்?"

"நிஜமாவா?" என்றான். அடுத்த வார்த்தைக்குக் காத்திராமல் பட்டென்று வைத்துவிட்டான்.

அது செவ்வாய்க்கிழமை. அன்று சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமை வாங்கினது நல்லதாப் போச்சு," என்றான் திடீரென்று. "போட்ட காசு வீண் போகல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரை கூட்டவா இத்தனை பணம் என்று கடை வாசலிலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட மனுஷன் இவன். வீட்டுக்கு வந்தும் மூன்று நாள் அதைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. மடியில் கனம் இல்லாதவன் எதற்கு இப்படிப் பாராட்டுகிறான்?

"ஆமை சமர்த்துப்பா," என்றாள் மகள்.

"ஆமாமா. நமக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியுது."

புதன்கிழமையும் அதே இடம், அதே இரண்டு புள்ளிகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாக ஊரார் பார்வையைச் சோதிக்கிறவள் அவள். சொந்த வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாமல் போயிற்றே!

எதிரே ஒரு பெரியவர் சோதனைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை புள்ளி தெரியுது?"

"ரெண்டும்மா."

"உங்களுக்குமா!" என்று கத்திவிட்டாள். பெரியவர் பயந்துபோய், வேண்டுமானால் மூன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

வீட்டுச் சாவி மொத்தம் மூன்று. ஒன்று அவளிடம், ஒன்று மகளின் பள்ளிப் பையில். மூன்றாவதை எவள் கையில் கொடுத்திருக்கிறான்?

வியாழக்கிழமை பத்தரைக்குக் கைப்பையை எடுத்தாள். கல்லாவில் இருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"மறுபடியும் தலைவலியா? திங்கக்கிழமை மாதிரி வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு வா."

"ஆமாக்கா. அன்னைக்கு வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டத் தெம்பில்லாம நேராப் போய், கட்டிலோரம் உதறிட்டு விழுந்தேன்."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"ஒரு மணி நேரத் தலைவலி. அதைப் போய்ச் சொல்லிக்கிட்டு!"

இன்று அவளுக்குத் தலை வலிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பதினாலு வருஷக் குடித்தனமும் கண்முன் வந்து நின்றது. அந்தப் புள்ளிகள் பொய்யாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பொய்யில்லை என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே கிளம்பிவிடுவது என்றும் தீர்மானித்திருந்தாள்.

கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். கூடத்தில் ஆமை தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தாள்.

திரைக்கு அடியில் இரண்டு கால்கள்.

பெண் கால் இல்லை. பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்த சாம்பல் நிறக் காலுறை. தைத்துத் தருகிறேன், தைத்துத் தருகிறேன் என்று ஒரு மாதமாக அவளே ஏமாற்றிவருகிற காலுறை.

இவன்தானா! லிஃப்டுக்குள் இருக்க வேண்டியவனுக்குத் திரைக்குப் பின்னால் என்ன வேலை? அப்படியானால் அந்த மகராசி எங்கே ஒளிந்திருக்கிறாள்?

குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். மடித்து வைத்த போர்வைகளைத் தவிர ஒன்றும் இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகையும் கோபமும் ஒன்றாகக் கிளம்பின.

"போதும், வெளிய வாங்க! எங்க அவ?"

திரை விலகியது. வேர்த்து விறுவிறுத்து நின்றான் கணவன். கக்கத்தில் அவனுடைய ஷூ, ஒரு கையில் இருப்பதிலேயே பெரிய ஸ்பானர். இன்னொரு கையில் போன். ஆமை அனுப்பிய திங்கட்கிழமைப் படம் அதில் திறந்திருந்தது. கட்டிலோரம் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

அவன் அவளைத் தாண்டி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"தனியாவா வந்தே? எங்க அவன்?"