மோட்டார்க்காரர் வீட்டு இறால்

செத்த இறாலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சென்னகேசவன் என்னைத் திட்டினார். ‘ங்க’ போட்டுத்தான் திட்டினார். இந்த ஊரில் செருப்பால் அடித்தாலும் மரியாதையாகத்தான் அடிப்பார்கள்.

“ஏனுங்க தம்பி, மூணு மாசம் பாத்துப் பாத்துச் சாமான் எடுத்தேன்னீங்களே, இதுக்குத்தானுங்களா?”



காலை ஒன்பது மணி. சூலூரில் அவருடைய வீட்டுக் கூடத்தில், சுவரை அடைத்து நின்றது நாலடிக் கடல்நீர்த் தொட்டி. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதற்குள் நத்தைகள் மல்லாந்து கிடந்தன. கடல் சாமந்தி சுருங்கி, நனைந்த பஞ்சு போலப் பாறையில் தொங்கியது. அதற்குள் படுத்துப் பழகிய இரண்டு கோமாளி மீன்களும் மூலையில் நின்று மூச்சு வாங்கின.

நான் வைத்த முதல் தொட்டி அது. இது நிலைத்து நின்றால் காரமடையில் அவர் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கும் நான்தான் தொட்டி வைப்பேன். அவரே சொன்னது. நிற்காவிட்டால் மறுபடி மில், மறுபடி நைட் ஷிப்ட். நாலு வருடம் பகலில் தூங்கி, பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். இனி அந்த மில் கேட்டுக்குள் போவதற்குச் சாகலாம்.

சாமானில் தப்பில்லை. புதிதாகத் தொட்டி வைப்பவருக்கு அழகு முக்கியமில்லை, ஓடுவது நிற்கக்கூடாது. அப்படித்தான் ஒவ்வொன்றையும் எடுத்தேன். ஸ்கிம்மர் சத்தம் போடும், ஆனால் வருடக்கணக்கில் அழுக்கைப் பிரிக்கும். நம் ஊர் மே மாதத்தில் மீனுக்கு யாரும் ஹீட்டர் போட வேண்டியதில்லை, விசிறி போட்டேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். சிறுவாணித் தண்ணீரையே ஊற்றலாமே என்று அவர் பெருமையாகச் சொன்னபோதும் ஒத்துக்கொள்ளாமல், ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்கினேன்.

பம்பு மட்டும் முழுக்கப் பிளாஸ்டிக், உள்ளே பீங்கான் தண்டு. அதைப் பார்த்துத்தான் சிரித்தார்.

“மோட்டார்க்காரன் ஊட்டுல பிளாஸ்டிக் மோட்டாருங்களா? பாக்கறவன் காறித் துப்பமாட்டானுங்களா?”

முப்பது வருடமாக விவசாய மோட்டார் செய்து விற்கிறவர். செம்பு, பித்தளை எதுவும் இந்தத் தண்ணீரில் படக்கூடாது, மீன் தாங்கினாலும் இறாலும் சாமந்தியும் தாங்காது என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். தலையை ஆட்டினார்.

இறாலை அவர் ‘மாப்பிள்ளை’ என்பார். காபி குடிப்பதற்கு முன்பே தொட்டிக்குள் கையை விடுவார். அது ஓடி வந்து அவர் நகக்கண்ணையெல்லாம் கொத்திச் சுத்தம் செய்யும். முப்பது வருட கிரீஸ் போகாத நகம். போன செவ்வாய்க்கிழமை வந்த விருந்தாளிகளை வரிசையாக நிற்க வைத்து இந்த வித்தையைக் காட்டினார். அது முடிந்ததும் என்னைக் காட்டினார்.

“இவரு நம்ம பிரவின்குமாருங்க. மில்லுல நைட் ஷிப்டு தாங்காம ஓடியாந்தவரு. மீனு கண்ண மூடாது பாருங்க, அதுககிட்ட முழிச்சிருக்கக் கத்துக்கட்டும்னு உட்டிருக்கறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு வந்த அவர் மனைவியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இப்போது நான் குனிந்து, தொட்டிக்கு அடியில் இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்தேன். பாருங்கள் என்று கையைக் காட்டினேன். என் பம்பு ஓரத்தில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் இறங்கிச் சுத்தமாகிற கீழ்த்தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது அவர் கம்பெனி மோட்டார், சின்ன அளவில், சத்தமே இல்லாமல். பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டாரைத் தூக்கி மூடியைக் கழற்றினேன். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற பித்தளை இம்பெல்லர், ஓரமெல்லாம் பச்சை பூத்து.

“இத யாருங்க மாத்துனது?”

கத்தினேன். மில் சூப்பர்வைசரிடம் கத்த வேண்டியதையும் சேர்த்துக் கத்தினேன். அப்போதும் அந்த ‘ங்க’ வாயை விட்டுப் போகவில்லை.



பையிலிருந்து செம்பு பார்க்கும் மருந்தை எடுத்தேன். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். செம்பு இருந்தால் நீலமாகும், ஐந்து நிமிடம் ஆகும் என்றேன்.

அந்த ஐந்து நிமிடமும் அவர் இறாலைக் கீழே வைக்கவில்லை.

“உங்க மோட்டாரு நடுவால நின்னுபோச்சுன்னா மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுமேன்னு பயந்துபோட்டேனுங்க. அதான் நானே உக்காந்து, ஒண்ணு சின்னதாப் பண்ணி வச்சேன்.” குரல் இறங்கிவிட்டது. “தப்பு என்னுதுதானுங்க தம்பி. உங்களப் போயி வாய்க்கு வந்தபடி வஞ்சுபோட்டேன். காரமடைத் தொட்டியும் நீங்களே பண்ணுங்க. இனி நீங்க சொல்றதுதான் மோட்டாரு.”

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வாங்கிவிட்டேன். கோபம் மட்டும் இறங்கவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாயை உற்றுப் பார்த்தார்.

நான் பார்க்கவில்லை. என்ன நிறம் வரும் என்று எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை, அவர்கள் சிரித்து முடித்துச் சாப்பிடப் போன பிறகு, இதே கதவைத் திறந்தேன். இதே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இதே குழாயில் இதே நீலம். இறால் கண்ணாடி ஓரமாக வந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் போய் பஸ் ஏறினேன்.