ஜப்பான் துணி

சட்டை தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் அய்யூப், கையில் கடிதத்தோடு தேரடி வீதியில் இருந்த சகாதேவனின் ஜவுளிக் கடைக்கு ஓடி வந்தார்.

"சட்டம் மாறிடுச்சுங்க! இங்க தச்சா மட்டும் பத்தாதாம். துணியும் இந்தியாவுல நெய்ஞ்சிருந்தாதான் அங்க வரிச் சலுகையாம். நீங்க குடுத்த ஜப்பான் துணியில ஆயிரம் சட்டை தச்சு வச்சிருக்கேனே!"

"அண்ணாமலையாரே!" என்று சகாதேவன் துள்ளி எழுந்தார். "கவலைய விடுங்க பாய், அத்தனையும் அனுப்பலாம்!"

"எப்படிங்க?"

"அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சீக்கிரம் சொல்லுங்க!"

"ஃபாரின்னாதான் வாங்குவீங்கன்னு ஜப்பான் முத்திரைய நான்தான் குத்துனேன். துணி, ஆரணியில என் மச்சான் தறியில நெய்ஞ்சது."

அடிக்கக் கையை ஓங்கிய அய்யூப், அதே கையால் அவரைக் கட்டிக்கொண்டார்.

"ஓடிப்போய் மச்சான்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. சட்டை கப்பல் ஏறட்டும், அப்புறம் அடிக்கிறேன்!"