ஒரு முழ உயரம்

"எல்லாரும் சமம்!" என்று திருத்துறைப்பூண்டிக் கூட்டத்தில் பேச்சாளர் கையை வீசியதை அப்படியே நடித்துக் காட்டுகிறேன், என் முழங்கை டீக்கடை சிங்காரவேலுவின் கையை இடிக்கிறது. சேரி ஆட்களின் குவளையில் தன் கை பட்டுவிடக் கூடாதென்று அவர் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றும் டீ, குவளையை ஏந்தி வாசலில் நிற்கும் அம்சத்தின் வலது கையில் கொட்டுகிறது. அலுமினியக் குவளை உருண்டு கொடிக்கம்பத்தடியில் நிற்கிறது. சேறு காய்ந்த முந்தானையால் அம்சம் கையை ஒற்றுகிறாள். விரல்களின் மேல்தோல் சுருங்கி எழும்புகிறது. கடைப் பானையிலிருந்து ஒருவரும் தண்ணீர் மொண்டு ஊற்றவில்லை. நானும்தான். "இடிச்சது வாத்தியாரு, எனக்கென்ன பொறுப்பு?" என்கிறார் சிங்காரவேலு. "டீன்னா சுடத்தான் செய்யும். இவ பாத்துப் புடிக்க வேணாமா?" நான் விடுவேனா? "கடை உங்களுது, டீ உங்களுது. கையை வீசாதேன்னு போர்டா மாட்டி வச்சிருக்கீங்க?" பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. இந்த ஊரில் என் நகைச்சுவைக்கு நல்ல மதிப்பு. சிரிப்பு ஓயும்போது அவள் கையில் கொப்புளம் பளபளக்கிறது. "நீயே சொல்லும்மா, யார் மேல தப்பு?" என்று பெருந்தன்மையாகக் கேட்கிறேன். அவள் கொப்புளத்திலிருந்து கண்ணை எடுத்து என்னை நேராகப் பார்க்கிறாள்.

"ரெண்டு பேரு மேலயுந்தான் அய்யா. நீங்க இடிச்சீங்க, அவரு எட்ட நின்னு ஊத்துனாரு. நாளைக்கு நடவு. இந்தக் கையால நாத்து புடிக்க முடியாது. ஒங்கள்ல யாரு வந்து சேத்துல எறங்குறீங்க?"