அவள் பங்கு

போன் டிங்கென்றது. அவள் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

எட்டாயிரம்.

அப்பாடா. பிள்ளைக்கானது வந்துவிட்டது.

போன ஞாயிறுதான் அவரிடம் சொன்னாள். மகள் மிதுனாவை வெளியே கூட்டிப்போய்த் திரும்ப விட வந்தவர், வாசலில் வண்டியை அணைக்காமல் நின்றார். விவாகரத்து ஆன நாளிலிருந்து அப்படித்தான். வண்டி உறுமும், இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"எனக்குப் போடறத நிறுத்திக்குங்க. பாப்பாவுக்கு மட்டும் போட்டீங்கன்னாப் போதும்."

அவர் வண்டியை அணைத்தார்.

பத்தவில்லையா என்றுதான் முதலில் கேட்டார், மக்கு மனுஷன்.

மறுமணம் செய்தால் மனைவியின் பங்கு நின்றுவிடும், பிள்ளையின் பங்கு நிற்காது என்று வக்கீல் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது அவருக்கு மெல்ல நினைவு வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எப்போது என்றார். வருகிற வெள்ளிக்கிழமை, கோயிலில் என்றாள். வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீம்புக்குப் பிள்ளையுடையதையும் நிறுத்திவிட்டால்? மறுபடி கோர்ட், மறுபடி வாய்தா. அதுகூடப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை வருவதையே விட்டுவிட்டால் மிதுனா ஏங்கிப்போவாளே.

நிறுத்தவில்லை. நல்ல மனுஷன்தான். சேர்ந்து வாழத்தான் முடியவில்லை.

தோசை கருகியிருந்தது. இருக்கட்டும். சந்தோஷமாக அடுத்ததை ஊற்றினாள்.

மறுபடி டிங்.

போன மாதம்வரை அவளுக்கென்று வந்துகொண்டிருந்த அதே ஐயாயிரம்.

பொசுக்கென்று கோபம் வந்தது. வேண்டாமென்று வாயைத் திறந்து சொன்னாளே. என்றைக்காவது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறாரா? அப்படியே திருப்பி அனுப்பப் போனாள்.

தொகையைத் தட்டும்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

ஐயாயிரத்து ஒன்று.

விரல் நின்றது.

கல்யாணங்களுக்குப் போனால் மண்டபத்து வாசலில் பையெல்லாம் துழாவுவார். மொய்க் கவரில் வைக்கிற அந்த ஒரு ரூபாயைக் கடைசியில் இவளிடம்தான் வாங்குவார்.

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

தோசையைத் திருப்பிப் போட்டாள். பணத்தைத் திருப்பவில்லை.

அவருக்கும் ஒரு கல்யாணம் வராமலா போகும்? அப்போது செய்துவிடலாம்.