நெஞ்சில் கீறிய சிலுவை

சட்டையைக் கழற்றிவிட்டுக் கனகலிங்கம் பிள்ளையார் கோயிலுக்குள் கால் வைத்ததும் தேவாரம் பாதியில் நின்றது.

அவன் நெஞ்சிலே கத்தரிப்பூ நிற மையில் ஒரு சிலுவை!

"உவன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டானடா!" என்று கத்தினார் கோயில் மனேச்சர் மயில்வாகனத்தார்.

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அவர் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. கோயில் அலுவல் என்று அடிக்கடி கொழும்புக்குப் போய்வருகிற பெரிய மனிதர். ஆண்கள் வெறும் மேலோடுதான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். அவர் மட்டும் கழுத்துவரை சால்வை போர்த்திருப்பார். கேட்டால், சளித் தடிமனாம். இரண்டு மாதமாக மாறாத தடிமன். மனேச்சருக்கு வந்தால் தடிமனுக்கும் மரியாதைதான்.

"வேதமில்லை ஐயா," என்றான் கனகலிங்கம். "நெஞ்சுக்குள்ளை கட்டி. விலா எலும்பிலையும் ஒட்டிப்போச்சாம். முதல் மிசினாலை கரண்ட் பிடிச்சுக் கட்டியைச் சுருக்கிப்போட்டுத்தான் வெட்டுவினமாம். எந்த இடத்திலை பிடிக்கிறதெண்டு டொக்டர் கீறிவிட்டவர். பாதி முடிஞ்சுது. பத்து நாள் வீட்டை போக விட்டிருக்கினம்."

"இந்தக் குடியேற்றத்துக்கே இன்னும் கரண்ட் வரேல்லை. உன்ரை நெஞ்சுக்கு மட்டும் வந்திட்டுதோ?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கோடு அழியக்கூடாதாம் ஐயா," என்று கெஞ்சினாள் மனைவி இரஞ்சிதம். "வெட்டுக்கு முதல் ஒரு அருச்சனை. அவ்வளவுதான்."

"சிலுவையோடை அருச்சனையோ? தேசிக்காய் போட்டு உரஞ்சிப்போட்டு வரச்சொல்லு. இல்லாட்டி இந்தப் படி மிதிக்கக்கூடாது!"

இரஞ்சிதம் கையைப் பிடித்து இழுத்தாள். கனகலிங்கம் கேட்கவில்லை.

"வெட்டுக்குப் போய் உயிரோடை வருவனோ தெரியாது. பிள்ளையாரைக் கும்பிடாமல் போகமாட்டன்."

கிணற்றடியில் தேசிக்காயைப் பிழிந்துவிட்டுத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சினான். மை போனது. கரண்ட் பட்டுக் கறுத்திருந்த தோலும் சேர்ந்து போனது.

"இப்பதான் நீ சைவன்!" என்று மயில்வாகனத்தார் தன் கையாலேயே திருநீறு கொடுத்தார். பாவம், கனகலிங்கத்துக்குத் தோல் எரிச்சலிலும் சந்தோஷம்.

அடுத்த கிழமை கொழும்பு ஆசுப்பத்திரியில் தமிழ் நேர்ஸ் மிஸ்ஸி அவன் நெஞ்சைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"கோடெங்கை? தோலும் உரிஞ்சு கிடக்கு!"

"கோயிலுக்காக அழிச்சனான், மிஸ்ஸி."

"என்ன மனிசன் நீங்கள்! இந்தப் புண் ஆறினாப் பிறகுதான் திரும்ப அளந்து கீறலாம். அதுவரைக்கும் கட்டி வளராமல் காத்துக்கொண்டு இருக்குமோ? பிறகு வெட்டவே ஏலாமல் போனாலும் போகும்."

பக்கத்தில் நின்ற இரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மிஸ்ஸிக்குக் கோபம் அடங்கவில்லை. "அந்த மூலைக் கட்டிலிலை படுத்திருக்கிற ஐயாவைப் பாருங்கோ. அவரும் கிளிநொச்சிதான். அவருக்கும் உதே வருத்தம். இரண்டு மாசமா ஒரு கோடு அழியவிடேல்லை. கோயிலுக்குள்ளையும் சால்வையாலை மூடிக் காப்பாத்தினவராம். நாளைக்கு அவருக்கு வெட்டு."

மூலைக் கட்டிலில் மயில்வாகனத்தார் சால்வையை அவசரமாக இழுத்துத் தலைவரை மூடினார்.

இரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"மனேச்சர் ஐயா, தேசிக்காய் வாங்கிக்கொண்டு வரட்டோ?"